மதிப்பிற்குரிய எருமைப்பள்ளம் அவர்களே

அக்டோபர் 6, காலை
பாபநாசம் பக்கம், மெஷின் ஷெட்

எழில்மொழிக்கு,

சௌக்கியமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நேற்று போனில் "இனிமே உன்கிட்ட பேசுனா என்னை என்னன்னு கேளு" என்று கத்திவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். எனவே மின்னஞ்சல். இதையும் பிளாக் செய்தால், சிங்கப்பூர் போகிற யாரிடமாவது எழுதிக் கொடுத்தனுப்புவேன். நம் ஊரில் அதற்கு ஆளா பஞ்சம்?

கல்லூரி கேண்டீனில் நாம் போட்ட ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். நீ ஆப்புக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதுவாய், நான் ஊரில் இருந்து அறுவடை மெஷினையும் டிரைவரையும் விவசாயிகளையும் பார்த்துக்கொள்வேன். யாருக்கு என்று மெஷின் வரும் என்று நம் ஆப் முதல் நாளே மெசேஜ் அனுப்பும். மூன்று குறுவை, இரண்டு சம்பா ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நீ போன வாரம் "கோடைச் சுத்தம் பண்றேன்" என்று உள்ளே இறங்கினாய். இன்று காலை மெஷின் பதிவு செய்திருந்த எல்லோருக்கும் மெஷினிலிருந்து மரியாதை போயிருக்கிறது. ஆனால் ஆட்களுக்குப் போகவில்லை. வயல்களுக்குப் போயிருக்கிறது.

பிரகதாம்பாள் டீச்சருக்கு வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "மதிப்பிற்குரிய பேய்த்திடல் அவர்களே, நாளை காலை அறுவடை மெஷின் வரும். வரப்பில் தயாராக நிற்கவும்." பேய்த்திடல் என்பது அவர் வயல்; 'பேய்' என்பது பத்தாவதில் நமக்குக் கணக்கு எடுத்த அந்த அம்மாவுக்கு அப்போது பட்டப்பெயர். போன் செய்து, "ஏன்டா செந்தில், எனக்கு நீங்க வெச்ச பேரு அப்பவே தெரியும்டா, ஆனா இப்பிடி எழுத்துல கொடுப்பேன்னு நெனைக்கல" என்றார்.

என் அப்பாவுக்கு வந்தது, "மதிப்பிற்குரிய எருமைப்பள்ளம் அவர்களே." அது எங்கள் வாய்க்கால் ஓரத்து வயலின் பெயர் என்று உனக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியாதா? காலையிலிருந்து, "எருமைப்பள்ளம், காப்பி ஆறுது", "எருமைப்பள்ளம், குளிச்சாச்சா?" என்று ஒரே கொண்டாட்டம். அப்பா என்னை முறைக்கிற முறைப்பில் நான் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மெசேஜ் அனுப்புகிற அந்த ஒரு பகுதியை மட்டும் நான் எழுதியிருந்தேன், அது நீளமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நீளமான கோடு பிரகதாம்பாள் டீச்சரை ஒருநாளும் பேய் என்று சொன்னதில்லை. உடனே பழையபடி மாற்று. மற்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

செந்தில்குமார்


அக்டோபர் 6, மாலை
சிங்கப்பூர்

செந்திலுக்கு,

முதலில் ஒன்று. நான் சும்மா பிளாக் செய்யவில்லை. "சுருக்கி எழுதுறேன்னு நீ கெடுத்துத்தான் வைப்பே" என்று நான்கு தடவை சொன்னாய். ஐந்தாவது தடவை சொல்வதற்குள் செய்தேன். கோடிலும் சரி, சண்டையிலும் சரி, சொன்னதையே சொல்லுவதுதான் உன் வியாதி.

நீ எழுதி வைத்திருந்ததை நீயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார். பதிவு டாட் விவசாயி டாட் பெயர். அடுத்த வரி, பதிவு டாட் விவசாயி டாட் போன். அதற்கடுத்தது, பதிவு டாட் விவசாயி டாட் ஊர். பிறகு பதிவு டாட் வயல் டாட் பரப்பு, பதிவு டாட் வயல் டாட் சர்வே எண். மறுபடியும் பதிவு டாட் விவசாயி டாட் பெயர். பக்கம் பக்கமாக இதே. வீட்டுக்குள் இருக்கிற உங்கம்மாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட, "தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் வட்டம், மேலத்தெரு, நாகநாதன் வீடு, கமலாம்பாள், சோறு போடு" என்றா சொல்கிறாய்? "அம்மா" என்றால் போதாதா?

நான் செய்தது இவ்வளவுதான். விவசாயி என்கிற ஆப்ஜெக்ட் பெட்டியில் இருப்பவற்றையும் வயல் என்கிற ஆப்ஜெக்டில் இருப்பவற்றையும் மேலே ஒரே வரியில் எடுத்து ஒரே தட்டில் வைத்தேன். அதற்கப்புறம் பெயர் என்றால் பெயர், பரப்பு என்றால் பரப்பு. டாட்டும் கிடையாது, டூட்டும் கிடையாது. உன் ஒன்பது பக்கம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. உலகத்தில் புத்தியுள்ளவர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு ஆப்ஜெக்டிலும் ஒரே தலைப்பில் ஏதாவது இருந்தால், பின்னால் வைப்பது முன்னால் வைத்ததை அழித்துவிடும். சத்தமே வராது. அதனால்தான் எழுதுவதற்கு முன்பு பார்த்தேன். விவசாயிக்குப் பெயர் இருந்தது. வயலுக்குச் சர்வே எண்ணும் பரப்பும்தான் இருந்தன, பெயர் கிடையாது. சோதித்தும் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

இப்போது போய்ப் பார்க்கிறேன். வயலுக்குள் "பெயர்" என்று ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் சுருக்கி முடித்த மறுநாள் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு மெஷின் ஷெட்டில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரகதாம்பாள் டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அந்தப் பெயரை வைத்தது நீ மட்டும்தான் என்பதையும் சொல்.

எழில்


அக்டோபர் 7
ஷெட்

எழில்,

சேர்த்தது நான்தான். திருடனா என்ன, ஒளிந்துகொள்ள?

ஏன் சேர்த்தேன் என்று கேள். இந்தக் குறுவைக்குப் புதிதாக வந்திருக்கிற நம் மெஷின் டிரைவர் அப்துல் மஜீது ஆத்தூர்க்காரர். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் அவர் யாரிடம் வழி கேட்பார்? போன வாரம் ஒரு பெரியவரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டதற்கு, "பஸ் நம்பராப்பா?" என்றாராம். மேப்பில் புள்ளி வைக்கலாம் என்றால், அது வயலில் விழுவதில்லை. பதிவு செய்தவர் எங்கே உட்கார்ந்து பதிவு செய்தாரோ அங்கே விழுகிறது. பாதிப் பேர் டீக்கடையில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். மேப்பை நம்பிப் போனால் மெஷின் டீ பாய்லரைத்தான் அறுக்கும்.

இங்கே ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு என்று உனக்குத் தெரியாதா? அதைச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வழி காட்டும். அதனால் வயலுக்குள் பெயர் என்று சேர்த்தேன். என் பழைய கோடாக இருந்திருந்தால், விவசாயி டாட் பெயர் தன் இடத்தில், வயல் டாட் பெயர் தன் இடத்தில், இரண்டும் சிவனே என்று இருந்திருக்கும். நீ இரண்டையும் ஒரே தட்டில் கொட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

சரி, அது கிடக்கட்டும். இதை எழுதக் காரணம் வேறு. இன்று உன் அப்பா ஷெட்டுக்கு வந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து போனை என் முன்னால் வைத்தார். "தம்பி, இது யாருக்கு வந்த மெசேஜ்?" என்றார். பார்த்தேன். "மதிப்பிற்குரிய நாகநாதன் பங்கு அவர்களே." எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் என் அப்பாவுக்கு வந்த பங்கு என்பதால் அந்த வயலுக்கு அந்தப் பெயர். உன் அப்பா அதை வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் ஊரில் யாரும் பெயரை மாற்றவில்லை. நானும் யோசிக்காமல் ஊர் சொன்னபடியே ஏற்றிவிட்டேன்.

"என் போனுக்கு உங்கப்பா பேரப் போட்டு மரியாதை அனுப்பியிருக்கியேப்பா" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உக்காருங்கப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று நான் ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து என் அப்பா அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எருமைப்பள்ளம் கோபம் வேறு அவருக்கு இன்னும் ஆறவில்லை. பேப்பரை இறக்காமலே, "அதுக்கென்ன மருதையா, நான் வித்தது நெலத்தத்தானே, பேரையுமா வித்தேன்?" என்றார்.

உன் அப்பா போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "என் பதிவ எடுத்துரு தம்பி. எனக்கு மெஷின் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழில், உனக்கு நிலைமை புரிய வேண்டும். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் படகுகளைக் கரையேற்றுகிறார்கள். மெஷின் சனிக்கிழமை வரைதான் இந்தப் பக்கம். அதன்பின் ஆற்றுக்கு அக்கரை போய்விடும். வேறு மெஷின் கிடைக்காது, கையால் அறுக்க ஆளும் கிடையாது. மழையில் சாய்ந்தால் தண்ணீரிலேயே முளைத்துவிடும். போட்டதெல்லாம் போய்விடும். எப்படியாவது அவரிடம் பேசு.

செந்தில்


அக்டோபர் 8
சிங்கப்பூர்

செந்தில்,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அந்த வயலில் என் அம்மா உங்கள் வீட்டுக்கு நாற்று நட்டிருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வரப்பிலிருந்து கூப்பிடுவாள். எங்கள் அன்பரசன் அண்ணன் துபாயில் கண்டெய்னருக்குள் படுத்து அனுப்பியதையும் அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையும் போட்டுத்தான் வாங்கினோம். பத்திரம் பதிந்த அன்று அப்பா அந்த வயலைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "நடந்தேன், யாரும் ஏன்னு கேக்கல" என்றார். அந்த மனிதரைப் பார்த்து "பேரையுமா வித்தேன்" என்று கேட்க உங்கப்பாவுக்கு எப்படி வாய் வந்தது? நீ பக்கத்தில் நின்றுகொண்டு என்ன செய்தாய்? கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாயா?

திட்டிவிட்டேன். இப்போது வேலை.

கோடைத் திருத்திவிட்டேன். உன் ஒன்பது பக்கத்துக்குத் திரும்பவில்லை, அந்த ஆசையை விட்டுவிடு. இப்போதும் மேலே ஒரே தடவைதான் எடுக்கிறேன். ஆனால் எடுக்கும்போதே விவசாயியின் பெயருக்கு "உரியவர்" என்றும் வயலின் பெயருக்கு "வயற்பெயர்" என்றும் வேறு வேறு பெயர் வைத்து எடுக்கிறேன். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்காராது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று நீ எழுதப் போகிறாய். எழுதாதே, எனக்கே தெரியும். டிரைவருக்கு வயலின் பெயர் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதனால் மெசேஜிலும் அதைச் சேர்த்துவிட்டேன்.

பெருமையாக அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். என்ன போனது தெரியுமா? "மதிப்பிற்குரிய மருதையன் அவர்களே, உங்கள் நாகநாதன் பங்கு வயலுக்கு மெஷின் வரும்."

போன் வந்தது. "ஏம்மா, மொதல்ல வந்ததுல அவுங்க பேரு மட்டும் இருந்துச்சு. இப்ப எம்பேரும் சேர்ந்து அவுங்க வயலுக்குக் காவல் நிக்குது. இதுக்குத்தான் ஒன்ன இஞ்சினியருக்குப் படிக்க வெச்சேனா?" என்றார். கோடு சரி, மெசேஜ் சரி, எல்லாமே சரி செந்தில். ஆனாலும் அவர் சொன்னதும் சரி.

நான் ஒரு மணி நேரம் கெஞ்சினேன். அம்மா அந்தப் பக்கம், "கதிர் அடிச்சுகிட்டுப் போனா பேர வெச்சு நாக்க வழிக்கிறதா?" என்று கத்துவது கேட்டது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கேட்டுக்கொள்.

வயலின் பெயரை "மருதையன் வயல்" என்று மாற்ற வேண்டுமாம். மாற்றிவிட்டேன், அது ஒரு வரி வேலை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. "கம்ப்யூட்டர்ல நீ மாத்திருவே. ஊரு வாயில மாறுச்சா? மெஷின்காரரு அந்தப் பேரச் சொல்லிக் கேட்டு வரட்டும். ஊர்ல யாராச்சும் வழி காட்டட்டும். வந்துச்சுன்னா அறுக்கட்டும். வரலேன்னா மழையே அறுத்துக்கட்டும்" என்கிறார். நீ கூட வந்து வழி காட்டக் கூடாதாம். நீ காட்டினால் அது கம்ப்யூட்டர் காட்டிய மாதிரியாம். டிரைவர் போன் செய்தாலும் வழி சொல்ல மாட்டாராம்.

அது எங்கள் ஒரு வருஷத்துச் சோறு. எனக்கு இங்கே சம்பளம் வருகிறது, நான் அனுப்பிவிடுவேன். ஆனால் அதை அவர் வாங்கிக்கொள்வார் என்றா நினைக்கிறாய்?

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமைக்கு மெஷின் முறை போட்டிருக்கிறேன். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே, என் குரல் சரியில்லை. எழுது.

எழில்


அக்டோபர் 9
ஷெட்

எழில்,

நீ கேட்ட கேள்விக்குப் பதில். கீபோர்டைத் துடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது அதைவிடக் கேவலம்.

இரவு சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" "நான் என்னடா பொய்யா சொன்னேன்?" என்றார். "உங்களை எருமைப்பள்ளம்னு ஒரு நாள் கூப்பிட்டதுக்கு வீட்டையே ரெண்டாக்கினீங்களே" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அம்மா, "பாதி சோத்துல எழுப்பிட்டியேடா" என்று என்னைத் திட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டது சரிதான்" என்றாள்.

மஜீது அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வயலு எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லக் கூடாது. நான் ஊரக் கேக்கணும். ஊருக்கு அந்தப் பேரு தெரியாது. இது என்ன தம்பி, வேண்டுதலா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், வழி காட்ட மாட்டேன். ஆனால் நாளைக் காலையில் இருந்து எனக்குச் சோறு இறங்கப் போவதில்லை.

ஒரு விஷயம். நீ திருத்திய கோடைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கே புரிகிறது. இதை நான் சொன்னதாக வெளியே சொல்லாதே.

செந்தில்


அக்டோபர் 10, இரவு
வீடு

எழில்,

உட்கார்ந்து படி.

காலை எட்டு மணிக்கு மஜீது அண்ணன் மெஷினை எடுத்தார். முதலில் டீக்கடை. "மருதையன் வயலு எங்கங்க?" என்று கேட்டார். "அப்பிடி ஒரு வயலே நம்ம ஊர்ல இல்லியேப்பா" என்று பதில். தெரிந்தவர்கள் சிலர் தெரியாத மாதிரியும் இருந்தார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். ஒருவர் மட்டும் ரொம்ப உதவியாக, "வாய்க்கா கீழக்கரைல ஒரு மருதையன் இருக்காரு பாருங்க" என்று அனுப்பியிருக்கிறார். மெஷின் ஊர்ந்து ஊர்ந்து கீழக்கரை போயிற்று. அந்த மருதையன் வாத்து மேய்க்கிறவர், அவருக்கு நிலமே கிடையாது. "எம்பேர்ல வயலா? கண்டுபுடிச்சா எனக்கும் ஒரு போன் போடுங்க" என்றாராம். வாத்தெல்லாம் மெஷின் சத்தத்தில் மிரண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டன. அவற்றைக் கரையேற்றவும் மஜீது அண்ணனே உதவிவிட்டு வந்திருக்கிறார்.

உன் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். "ஊருல கேட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு ராமாயி அக்காவிடம் கேட்டார். அந்த அக்கா உன் அம்மா பேரைச் சொல்லி, "தங்கம்மா வீட்டுக்காரரா? அவரு அறுக்கிறது நாகநாதன் பங்காச்சே" என்றதும், "அந்தப் பேருக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவும்மா" என்று மஜீது அண்ணன் திரும்பிவிட்டார். மனிதர் வாக்கு மாறாதவர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் ஆயிற்று. வானம் இருட்டிவிட்டது. சுற்றிச் சுற்றிக் களைத்துப் போய் மெஷினை எங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். எங்கள் தெரு அகலம் உனக்குத் தெரியும். முன்னால் பள்ளிக்கூட வேன், பின்னால் வைக்கோல் டிராக்டர், ஒரே ஹாரன். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே, வெளியே வந்தால் கை தானாக அந்தத் திசையைக் காட்டிவிடும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். "யாருப்பா இங்க கொண்டாந்து நிறுத்துனது? எங்க போகணும்?"

"மருதையன் வயலுக்குங்க" என்றார் மஜீது அண்ணன். "காலைலேருந்து தேடுறேங்க. யாருக்கும் தெரியல."

அப்பா வானத்தைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார். முதல் தூறல் விழுந்தது. அம்மா வாசல்படியில் நின்றுகொண்டு, "சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள்.

"நீ சும்மா இருடீ" என்றார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "முத்துன கதிர மழைல விட்டுட்டு ஒருத்தன் பேருக்கு நிக்கிறான், ஒருத்தன் வழி தெரியாம நிக்கிறான். எல்லாம் படிச்ச கழுதைங்க பண்ற வேலை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மெஷினுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். வேன், டிராக்டர், ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவில் கையை வீசிக்கொண்டு நடக்கிறார், பின்னால் மெஷின் வருகிறது. ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. நான் கொல்லை வழியாக ஓடி, தள்ளி ஒரு கருவேல மரத்தடியில் நின்று பார்த்தேன். வழி காட்டவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

உன் அப்பா வரப்பில் நின்றிருந்தார், நனைந்துகொண்டே. என் அப்பா வயல் முனையில் நின்று மஜீது அண்ணனைப் பார்த்து, "இதாம்ப்பா, எறக்கு" என்றார்.

மஜீது அண்ணனுக்கு எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லையா, இல்லை வேண்டுமென்றே கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "எதுங்க? இது யாரு வயலுங்க?" என்றார்.

உன் அப்பா தலையைத் திருப்பவில்லை, கதிரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, இரைச்சலுக்கு மேலே, மேலத்தெரு வரை கேட்கிற குரலில், "மருதையன் வயல்யா! மருதையன் வயலு! எறக்கு மெஷின, மழ வருது!" என்று கத்தினார்.

மெஷின் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது எழில், நானும் சொல்லிவிடுகிறேன்.

அறுத்து முடிக்கிற வரை மழை தூறலோடு நின்றது நம் அதிர்ஷ்டம். நெல்லை டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போடும்போது தார்ப்பாயின் ஒரு முனையை உன் அப்பா பிடித்தார், மறுமுனையை என் அப்பா பிடித்தார். "இன்னும் கொஞ்சம் இழு", "விடு, விடு" என்றுதான் பேசிக்கொண்டார்கள். டிராக்டர் தார்ச்சாலை ஏறியதும் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் கொட்டிக்கொண்டிருக்கிறது. நெல் பத்திரம்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது அப்பாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒன்னும் பேசாதே, காப்பி கொடுக்கச் சொல்லு" என்றார்.

செந்தில்


அக்டோபர் 11
சிங்கப்பூர்

செந்தில்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கப்பா நம்மைப் படிச்ச கழுதைங்க என்று சொன்னதை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல். மஜீது அண்ணனுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நல்ல சட்டை வாங்கி வருகிறேன். அவர் அந்தக் கேள்வியை வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறார், எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா இன்று காலை போன் செய்தார். வழக்கமாக அம்மாதான் எண்ணை அழுத்திக் கொடுப்பாள், இன்று அவரே போட்டிருக்கிறார். நெல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று எதுவும் சொல்லவில்லை. உங்கப்பா வந்ததைப் பற்றி நான் கேட்டேன். "வந்தாரு" என்றார். அவ்வளவுதான். "தார்ப்பாய நல்லா இழுத்துக் கட்டுனாரு" என்று கொஞ்சம் கழித்துச் சேர்த்தார்.

அப்புறம், "மெசேஜ் ஒண்ணு வந்துருக்கும்மா" என்று சொல்லி எழுத்துக்கூட்டி வாசித்தார். அறுவடை முடிந்தால் ஆப் தானாக அனுப்புகிற மெசேஜ்: "மதிப்பிற்குரிய மருதையன் அவர்களே, உங்கள் மருதையன் வயல் அறுவடை நல்லபடியாக முடிந்தது."

வாசித்துவிட்டு, "ஒரே மெசேஜ்ல எம்பேரு ரெண்டு வாட்டி வருதே, அது தப்பாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு வேலை புத்தி விடுமா? "ஆமாம்ப்பா, சொன்னதையே சொல்ற மாதிரி இருக்கு. ஒரு தடவை போதும். இப்பவே ஒண்ண எடுத்துடுறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் அதையே மறுபடி எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிட்டார். "அப்பா?" என்றேன்.

"கைய வெச்சுறாதம்மா" என்றார். "ரெண்டும் இருக்கட்டும்."

எழில்மொழி மருதையன்